டிரைவர் போட்ட லைன்

மே 2

இந்த நோட்டு ஒரு கட்டுமானப் பதிவு. பெரிய ரயில் பாதைகள் போடும்போது வெயில், மழை, வேலை நடந்த தூரம் எல்லாவற்றையும் தினமும் எழுதி வைப்பார்களாம். எங்கள் பாதை சிறியது. முறை ஒன்றுதான்.

இடம்: ஈரோடு, ரயில்வே காலனிக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தோட்டம். நான்கு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஓரத்தில் வாழைக்குழி, துவைக்கிற கல், துணி காயப்போடும் கம்பி.

ஆட்கள்: அப்பா சென்னியப்பன், ரயில் டிரைவர். நான் நிறைமதி, பத்தாம் வகுப்புக்குப் போகிறேன். அம்மா சேரவில்லை. "சோறு ஆக்கிப் போடறேன். மண்ணு சுமக்க என்னயக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

திட்டம்: தோட்டத்தைச் சுற்றி நூற்றெண்பது அடிப் பாதை. தண்டவாளத்துக்குப் பத்தடி இரும்புப் பட்டைகள், முப்பத்தாறு. குறுக்குக் கட்டைகளுக்கு மரக்கடையில் தள்ளிவிட்ட வேப்பம் துண்டுகள். என்ஜினுக்குக் கார் வைப்பர் மோட்டாரும் ஸ்கூட்டர் பேட்டரியும். ஜூன் 9 பள்ளி திறக்கிறது. அதற்குள் ரயில் ஓடவேண்டும்.

மே 3

அப்பா ஏன் வீட்டில் இருக்கிறார் என்பதை ஒரு முறை எழுதிவிடுகிறேன். மார்ச் 28 மாலை, இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அவர் ஓட்டிவந்த ரயிலின் குறுக்கே ஒருவர் வந்துவிட்டார். அப்பா விசில் அடித்தார். பிரேக் போட்டார். ரயில் நிற்க அறுநூறு மீட்டர் ஆனது. அவர்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து விடுப்பு.

ஜூன் 6-ஆம் தேதிக்குள் ஒரு படிவம் கொடுக்கவேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். மறுபடி என்ஜினில் ஏறுகிறேன் என்பது ஒன்று. அலுவலகத்தில் வேறு வேலை வேண்டும் என்பது இன்னொன்று. படிவம் டிவிக்குக் கீழே இழுப்பறையில், கரண்ட் பில்களுக்கு மேல் இருக்கிறது. இரண்டு கட்டமும் காலி.

எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முதல் கட்டம்.

இனிமேல் கட்டுமானம் மட்டும்.

மே 4

கத்திரி தொடங்கியது. கொய்யா மரத்தில் தெர்மாமீட்டர் கட்டினேன். மதியம் 40. காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை வேலை நேரம் என்று முடிவு. அப்பா கயிறு பிடித்துக் கோடு போட்டார். நான் சுண்ணாம்பு தூவினேன். முப்பதடி பள்ளம் தோண்டினோம். அப்பா பேசியது மொத்தம் ஐந்து வாக்கியம் இருக்கும். அதில் மூன்று "தள்ளி நில்லு கண்ணு."

மே 6

மாவட்ட நூலகத்தில் தோட்ட ரயில்கள் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. படங்களில் எல்லாத் தோட்டமும் பச்சையாக, ஈரமாக இருக்கிறது. எங்கள் தோட்டம் மாதிரி ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது சமையலறையில் அம்மா கேட்டாள். "இந்த வெயில்ல போறே, புதுக் குடை எங்கடி?"

"தொலஞ்சு போச்சும்மா. ஸ்கூல்லயே."

"அதையும் தொலச்சிட்டயா? நல்லா விசிறி மாட்டம் விரியுமே அது." பழைய கருப்புக் குடையைக் கொடுத்தாள். ஒரு கம்பி உடைந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "எந்த வழியா வந்தே?"

"பாலத்தச் சுத்தித்தானுங்கப்பா."

இதை ஏப்ரல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் எப்போதும் அதேதான். ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் வழியாகப் போனால் இருபது நிமிடம் கூடுதல். பரவாயில்லை, நடக்கும்போது யோசிக்கலாம்.

மே 9

மாலை நான்கரைக்குக் கோடை மழை. அரை மணி நேரம்தான், ஆனால் தென்புறம் கொட்டிய ஜல்லி முழுவதும் வாழைக்குழிக்குப் போய்விட்டது. பொறுக்கியதில் எனக்கு ஒரு கூடை, அப்பாவுக்கு ஏழு.

மே 11

தண்டவாளம் போடத் தொடங்கினோம். புத்தகத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே சிறிது இடைவெளி விடச் சொல்லியிருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன்.

"பெரிய லைன்ல இப்ப எங்க கண்ணு இடைவெளி? கிலோமீட்டர் கணக்குல ஒரே தண்டவாளந்தான். எல்லாத்தையும் ஒட்டி விட்டுர்றாங்க. என்ஜின்ல உக்காந்தா ஒரு சத்தம் இருக்காது."

இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் சொல்கிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். வெல்டிங் மெஷின் இரவல் வாங்கி வந்து ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்க்கிறார். இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரிந்தால் மறுபடி தேய்ப்பு. ஒரு இணைப்புக்கு ஒரு மணி நேரம்.

மே 15

சக்கரம் பூட்டிய வெறும் பலகையைத் தள்ளிப் பார்த்தோம். வெண்ணெய்மேல் போவதுபோலப் போனது. அப்பா தரையில் காது வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து, "ம்" என்றார். இந்த மாதத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது இப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மே 16

பாதை துவைக்கிற கல்லுக்கும் துணிக் கம்பிக்கும் நடுவே போகிறது. அம்மா பக்கெட்டோடு தினமும் தாண்டவேண்டும். நான் வரைபடத்தில் அங்கே ஒரு கேட் போட்டிருந்தேன், ஐஸ் குச்சியில் செய்வதாக. அப்பா ரப்பர் எடுத்து அதை அழித்தார்.

"கேட் வேண்டாம். பாலம் கட்டிக்கலாம்."

இன்று முழுவதும் பாலம். இந்தப் பக்கம் மூன்று படி, மேலே பலகை, அந்தப் பக்கம் மூன்று படி. அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கட்டவிரல் ஒசரம் இருக்குது உங்க தண்டவாளம். இதத் தாண்டறதுக்கு நான் மலையேறி எறங்கோணுமா?"

"பாலத்துல போ கோகிலா."

"ஈரத்துணி பக்கெட்டு என்ன கனம்னு ஒருநா தூக்கிப் பாத்திருந்தா பாலம் கட்டியிருக்க மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். இன்று அதற்கப்புறம் வேலை இல்லை.

மே 17

சுற்று முழுமையாகச் சேர்ந்தது. கடைசி இணைப்பு மாலை ஆறு பத்துக்கு. முப்பத்தாறு இணைப்பும் விரலுக்குத் தெரியாது.

மே 18

மதியம் இரண்டே காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்குப்புறம் அறுபதடி நேராக இருந்த பாதை, நடுவில் ஒரு சாண் அளவுக்கு வளைந்து கிடந்தது. கட்டைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தது. யாரும் தொடவில்லை. வெயில் 41. இரும்பைத் தொட்ட என் விரலில் கொப்புளம்.

அப்பாவை எழுப்பினேன். பனியனோடு வந்து நின்றார்.

மே 19

காலையில் முருங்கைக்கீரை பறிக்க அமுதவல்லி அக்கா வந்தார். காலனியில் இருக்கிறார். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. முதுகில் பை, கையில் சுத்தியல், சிவப்புக் கொடியோடு தினமும் லைன்மேல் நடப்பவர். வளைந்ததைப் பார்த்ததும் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"டிரைவர் போட்ட லைன்னு போர்டு எழுதி வையுங்ணா."

"பெரிய லைன் ஒட்டித்தான இருக்குது?" என்றார் அப்பா.

"ஒட்டித்தான் இருக்குது. அது நெளியாம இருக்க எத்தன கல்லு கொட்டி, எம்மாம் பெரிய கான்கிரீட் கட்டை போட்டு அமுக்கி வெச்சிருக்கறோம்? அப்படியும் கத்திரி பூரா மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் நடந்து பாத்துட்டே இருக்கறோம். மேல ஏசியில உக்காந்து போறவங்களுக்கு அது எங்க தெரியுது."

"எங்க என்ஜின்ல ஏசி இல்ல."

"சரி, ஃபேன்." பட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். "அறுத்து விடுங்ணா. எல்லா ஜாயின்டுலயும் நூலளவு எடவெளி விடோணும். சத்தம் வரும். அது வந்துட்டுப் போகுது."

"சத்தம் வேண்டாம்னுதான் ஒட்டினேன்."

"டக்கு டக்குனு வந்தாத்தானுங்ணா ரயிலு."

அப்பா கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கும் பெருசா ஒண்ணும் கேக்கல. சின்னச் சத்தந்தான். ஒரு கல்லு பட்ட மாதிரி. அவ்வளவுதான்."

அமுதவல்லி அக்கா அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு, "ரம்பம் நான் கொண்டாரேன்" என்று போனார்.

நான் ஜல்லி சலித்துக்கொண்டிருந்தேன். அரை அங்குலச் சல்லடை போதவில்லை, கால் அங்குலம் வேண்டும்.

மே 22

மூன்று நாட்களாக வேலை இல்லை. ரம்பம் வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நிற்கிறது. படிவம் காலி.

நூலகத்துக்குப் போனேன், பாலத்தைச் சுற்றி. பழைய செய்தித்தாள்களைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மார்ச் 30 தாளில் ஐந்தாம் பக்கத்தில் பத்து வரி. டியூஷனுக்குக் குறுக்கு வழியில் போன மாணவி. வயது 14. பெயரை இங்கே எழுதவில்லை. பள்ளியின் பெயரும் இருந்தது, எங்கள் பள்ளி அல்ல. எனக்கும் 14.

தாளை மடித்த மாதிரியே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மே 23

காலையில் எழுந்தபோது ரம்பச் சத்தம். அப்பா நான்கு இணைப்புகளை அறுத்துவிட்டிருந்தார். இரண்டு கோணலாக இருந்தன. எஞ்சியதற்கு நான் பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். அளவுக்கு என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் ஓரத்தைச் செருகிப் பார்க்கிறோம்.

மே 25

முப்பத்தாறும் முடிந்தது. பட்டைகளை இணைக்கச் சின்னத் தகடுகளும் போல்ட்டும். அமுதவல்லி அக்கா வந்து நடந்து பார்த்து, மூன்றில் போல்ட் அதிக இறுக்கம் என்றார். "புடிச்சுக்கோணும், ஆனா நெருக்கக் கூடாது" என்று தளர்த்தினார். எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்: மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை பாதையைச் சுற்றிப் பார்ப்பது. கருப்புக் குடையோடு ஆறு சுற்று. எங்கும் நெளியவில்லை.

மே 27

என்ஜின் தயார். அகலமான முகம், இரண்டு கண்ணாடி, சிவப்பில் வெள்ளைக் கோடு. ஹாரன் எங்கே என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். ரிமோட்டில் ஹாரன் பட்டன் இருக்கிறது. அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறார்.

காலை ஏழு மணிக்கு முதல் ஓட்டம். டக்-டக், டக்-டக் என்று போனது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஒரு சுற்று முடிந்ததும் அப்பா ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். கையில் அழுக்கு இல்லை. ரொம்ப நேரம் கழுவினார்.

மே 28

ஒரு கண்டுபிடிப்பு. காலையில் இரும்பு குளிர்ந்து சுருங்கியிருப்பதால் இடைவெளி அதிகம், சத்தமும் அதிகம். மதியம் விரிந்து இடைவெளி மூடிவிடுகிறது. சத்தம் கிட்டத்தட்ட இல்லை. அட்டவணை போட்டிருக்கிறேன். 27 டிகிரியில் நன்றாகக் கேட்கிறது, 35-இல் லேசாக, 40-இல் இல்லை.

அட்டவணையை அப்பாவிடம் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. இன்று மதியம் ஒன்றரைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் ரயில் ஓட்டினார்.

"அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க? உச்சி வெயில்ல பொம்ம ரயிலு ஓட்டிட்டு நிக்கறாருன்னு" என்றாள் அம்மா.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கென்ன கிறுக்கா, இந்த வெயில்ல வெளிய வர?"

மே 30

மதியம் மட்டும் ஓட்டம். 39.

மே 31

அதேபோல். அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "எதுல வேணாலும் டிக் பண்ணுங்க. பண்ணுங்க, அவ்வளவுதான்" என்றாள். அப்பா மோர் குடித்தார்.

ஜூன் 1

மேகம். மதியமே 31. நாள் முழுவதும் சத்தம் போகாது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அட்டவணை அவரிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, உள்ளே போனார். மறுபடி வந்தார். என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார்.

பதினோரு சுற்று. முதல் இரண்டு சுற்றில் ஒவ்வொரு டக்குக்கும் அவர் தோள் அசைந்தது. ஒன்பதாவது சுற்றில் அசையவில்லை என்று நினைக்கிறேன். நான் தூரத்தில் இருந்தேன்.

ஜூன் 3

மூன்று நாட்கள் பாக்கி. படிவம் காலி. இன்று மூன்று முறை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கரண்ட் பில் கட்ட நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், அதற்காகத்தான் திறந்ததுபோல.

ஜூன் 4

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரை. அப்பா தென்னை மரத்தடியில் நின்று ரயிலை ஓட்டினார். நான் பாலத்துப் படியில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினேன். அம்மா ஈரத்துணி பக்கெட்டோடு, வேறு ஏதோ யோசனையில், பார்க்காமல் தாண்ட வந்தாள். ரயில் வளைவு திரும்பியது. அப்பா "கோகிலா" என்று கத்தி நிறுத்தினார். என்ஜின் அம்மாவின் காலுக்கு நான்கு விரல் முன்னால் நின்றது.

அப்பாவின் முகம் முழுவதும் வேர்த்திருந்தது.

"என்னங்க இது, பொம்ம ரயிலுங்க" என்றாள் அம்மா, மெதுவாக. "இடிச்சாலும் அதுதான் குப்புற விழும். ஒரு ஆரன் வெச்சிருந்தா நானே நின்னிருப்பனில்ல?"

"அடிச்சாலும் நிக்கமாட்டாங்க" என்றார் அப்பா. "நிக்கமாட்டாங்க கோகிலா. நான் அடிச்சேன். எத்தன நேரம் அடிச்சேன்."

"நிப்பாங்கப்பா" என்றேன் நான்.

சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

"உனக்கென்ன தெரியும்?"

"நான் நின்னுருக்கறனுங்க."

அம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள். "எங்கடி நின்னே?"

"விசில் போர்டுகிட்ட. கருவேல மரத்துப் பக்கம் ஒரு குறுக்கு வழி இருக்குது. ஸ்கூலுக்கு அதுலதான் போவேன். ஏழாவதுல இருந்து. மார்ச் இருவத்தெட்டு வரைக்கும்."

அம்மா கையை ஓங்கினாள். கை ஈரமாக இருந்தது. அடிக்கவில்லை, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அப்பா பக்கத்தில் வரவில்லை. தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லு."

சொன்னேன். காலை எட்டே முக்காலுக்கு ஒரு ரயில் வரும். சில நாட்கள் அது வருவதே தெரியாது, வளைவு என்பதால். போர்டைப் பார்த்து டிரைவர் அடிக்கும் விசில் கேட்டதும் நின்றுவிடுவேன். நூறு தடவையாவது நின்றிருப்பேன். சில நாள் அது அப்பா ஓட்டுகிற ரயிலாக இருக்குமோ என்று பயம். மேலே இருந்து என்னைத் தெரிந்துவிடக்கூடாது என்று குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். இதைச் சொன்னால் அப்பா இனி என்ஜினிலேயே ஏறமாட்டார் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை.

"என்ன குடை?" என்றார்.

"நீலக் குடைங்கப்பா."

"வெள்ளப் புள்ளி போட்டதா?"

நான் புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்ததும் குடையை என் அலமாரிக்குள் வைத்துவிடுவேன். அவர் டியூட்டியிலோ தூக்கத்திலோ இருப்பார். வீட்டில் அதைப் பார்த்ததில்லை.

உள்ளே போய் ஸ்டூல் போட்டு, பரண்மேல் பழைய பாடப்புத்தகப் பெட்டிக்குள்ளிருந்து குடையை எடுத்துவந்து விரித்தேன். அம்மா, "தொலஞ்சு போச்சுன்னே" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

அப்பா குடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அசிஸ்டன்ட்கிட்டச் சொல்லுவேன்" என்றார். "அந்த வளைவு வரும்போதே சொல்லுவேன். புள்ளிக் குடை நிக்குதா பாரு. நம்ம விசிலுக்கு மரியாத குடுக்கற ஒரே ஆளு இந்த லைன்ல அதுதான். இன்னொரு இழுப்பு சேத்து அடிப்போம்னு." கொஞ்ச நேரம் கழித்து, "சிரிப்போம்" என்றார்.

துணி காயப்போட அம்மா போகவில்லை. அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். துணி பக்கெட்டிலேயே கிடந்து மதியம் மறுபடி அலசவேண்டியதாயிற்று.

இனி ஒரு நாளும் அந்த வழியில் போகக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். இரண்டு முறை சத்தியம் செய்தேன்.

ஜூன் 5

பாலத்தைப் பிரித்தோம். அந்தப் பலகையில் கேட் செய்தோம். ஐஸ் குச்சி தாங்காது, இது தாங்கும். அம்மா வரும்போது நான் மூடுவேன் என்றேன். "நான் வரும்போது நீ ரயில நிறுத்து, போதும்" என்றாள் அம்மா.

ரிமோட்டில் டேப் இல்லை. எப்போது பிரித்தார் என்று தெரியாது. என்ஜினில் ஹாரனும் பூட்டியிருக்கிறார். ஸ்கூட்டர் ஹாரன்தான், வாத்து கத்துவதுபோல இருக்கிறது.

ஜூன் 6

காலை ஏழே முக்கால். அப்பா படிவத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பேனாவை உதறினார். எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். முதல் கட்டம். டிக் கொஞ்சம் கோணலாக, கட்டத்தைத் தாண்டி வந்திருக்கிறது. செல்லுமா என்று அம்மா கேட்டாள். செல்லும் என்றார்.

ஜூன் 9

பள்ளி திறந்தது. பாலம் வழியாக.

ஜூன் 19

டாக்டர் பரிசோதனை, மறுபயிற்சி வகுப்பு எல்லாம் முடிந்து அப்பாவுக்கு இன்று முதல் டியூட்டி. சரக்கு ரயில், கூட இன்னொரு டிரைவரும். இரவுக்குச் சாப்பாடு தக்காளிச் சாதம். பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போது, "எத்தன மணிக்கு வளைவு தாண்டுவீங்க?" என்று கேட்டேன். "அஞ்சு மணி சுமாருக்கு" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

நாலரைக்குப் பாலத்தின்மேல் போய் நின்றேன். வெயில் குறைவு, மழையும் இல்லை. ஆனாலும் நீலக் குடையை விரித்துப் பிடித்தேன். முகத்தை மறைக்காமல்.

ஐந்து ஏழுக்கு ரயில் வந்தது. அங்கிருந்து விசில் போர்டும் கருவேல மரமும் தெரியும். குறுக்கு வழியில் யாரும் இல்லை. விசில் அடித்தார். எண்ணினேன், ஏழு வினாடி. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு இழுப்பு.

வீட்டுக்கு வந்து முப்பத்தாறு இணைப்புகளுக்கும் எண்ணெய் விட்டேன். வெப்பம் 33.